நாலாம் பாடத்துக்கு இரண்டு பேர்

"பெட்டிக்கும் ரிக்கற் எடுத்தனீங்களோ?"

அடைமழையில் நனைந்து, குடையை மடக்கி, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு புளியங்குளம் சந்தியில் பஸ் ஏறிய பத்மாசனி கேட்ட முதல் கேள்வி அது. கேட்க மாட்டாளா பின்னே? பஸ்ஸில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் ஒரு மரப்பெட்டி மாப்பிள்ளை மாதிரி வீற்றிருந்தது. பக்கத்தில், அதை ஒரு கையால் அணைத்தபடி, தடித்த கண்ணாடி போட்ட ஒரு இளைஞன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஓம்... அரை ரிக்கற்."

சிரிக்காமல் சொன்னான். அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கூட்டியது.

"அப்ப அரைவாசி இடத்தையாவது விடச் சொல்லுங்கோ."

"உள்ளுக்குக் கண்ணாடிச் சாமான். கீழ வைச்சால் உடைஞ்சு போம்... நீங்கள் இதில இருங்கோ. நான் நிக்கிறன்."

எழும்பிவிட்டான். பரவாயில்லை, நல்ல மனிதன்தான் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அந்தக் கணத்துக்குள், அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்குப் பெட்டியின் இடம் போனது. பெட்டி பத்மாசனியின் மடிக்கு வந்தது.

"ரெண்டு கையாலயும் பிடியுங்கோ. பள்ளம் வரேக்க மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சியளெண்டால் நல்லம்."

வன்னிப் பாதையில் பள்ளம் இல்லாத இடம் எது? அரசாங்கத்தின் சி.ரி.பி. பஸ்களின் சிவப்பு இன்னும் மங்காத காலம் அது. பஸ் புதிது, பாதை பழையது. காடு இரண்டு பக்கமும் மழையில் கறுத்துக் கிடக்க, பத்மாசனி பெட்டியைத் தூக்குவதும் இறக்குவதுமாக வந்தாள். அவனோ மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தபடி நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிகிற கறுத்த கண்கள்... மழைநீர் இமையில் நிற்க, அதைத் துடைக்கவும் மறந்து, மாங்குளம் தாண்டியும் பெட்டியை விட்டு அசையாத கண்கள்...

ஒருதரம், ஒரே ஒருதரம், பெட்டியை வைத்திருக்கிற ஆளையும் பார்த்தால் என்னவாம்?

இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே திடுக்கென்றது. வாசகர்கள் இதைக் கவனித்துக்கொண்டால் போதும். பத்மாசனியின் பொறாமை ஒரு மரப்பெட்டியில்தான் தொடங்கியது.

முறிகண்டியில் பஸ் நின்றது. அந்தப் பாதையில் போகிற எந்த வண்டியும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டாது. எல்லாரும் இறங்கினார்கள். மடியில் பெட்டியோடு அவள் மட்டும் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் ஈரத்தோடு ஏறி வந்து அவள் முன்னால் உள்ளங்கையை நீட்டினான். கையில் திருநீறு.

"எடுங்கோ."

"எந்தக் கையால? ரெண்டு கையும் உங்கட பெட்டியில."

அப்போதுதான் அவன் அவளை முதன்முதலாக நேரே பார்த்தான். பிறகு மெல்லக் குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டான். அவள் ஒரு கையை விடுவித்து, அவன் உள்ளங்கையிலிருந்து திருநீற்றைத் தொட்டெடுத்தாள். அந்தக் கை நடுங்கியதா, பஸ் நடுங்கியதா... தெரியவில்லை. பஸ்ஸின் எஞ்சின் அப்போது ஓடவில்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கிளிநொச்சியில் இறங்கியதும் அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு வழி கேட்டான்.

"வாய்க்காலடி மகா வித்தியாலயத்துக்கு எப்பிடிப் போறது? நாளைக்கு வேலைக்குச் சேர வேணும். சயன்ஸ் படிப்பிக்க."

அவள் தன் வியப்பைக் காட்டிக்கொள்ளவில்லை.

"நேர போய் வாய்க்கால் கரையால திரும்புங்கோ. அங்க ஒரு சரித்திர ரீச்சர் இருக்கிறா. அவவிட்டைக் கவனமாயிருங்கோ."

"ஏன், பொல்லாதவவோ?"

"சரியான பொல்லாதவ."

மறுநாள் காலை ஆசிரியர் அறைக்குள் வந்த தில்லைநாதன், அந்தப் பொல்லாதவளைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். உடையார்கட்டில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. பயிற்சிக் கல்லூரியில் விஞ்ஞானம் முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்திருக்கிறான். பெட்டிக்குள் இருந்தவை குடுவைகளும் குழாய்களும். ஒன்றும் உடையவில்லை. "உங்கட கையாலதான் தப்பினது, ரீச்சர்" என்று அவன் சொல்ல, அவளுடைய காது மடல் சிவந்தது.

அந்தச் சிவப்பு மத்தியானம் வரைக்கும் நிற்கவில்லை. பள்ளிக்கூட அதிபர் நடராசா எல்லாரையும் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னார். எஸ்.எஸ்.சி. வகுப்பில் இனிமேல் விஞ்ஞானமும் சோதனைத் தராதரத்துக்குப் படிப்பிக்க வேண்டுமாம். கொழும்பிலிருந்து புதுப் பாடத்திட்டம் வந்திருக்கிறது. நேரசூசியில் இடம் இல்லை. சரித்திரம் நடக்கிற நாலாம் பாடம் ஒன்றைத்தான் பங்கு போடலாம். முதலாம் தவணை முழுக்க அந்த நேரத்தில் ஒரு நாள் சரித்திரம், ஒரு நாள் விஞ்ஞானம். தவணை முடிவில் பெற்றோர் கூட்டம். அவர்கள் கேட்கிற பாடம் நிற்கும்.

"மற்றப் பாடம், சேர்?" என்று பத்மாசனி கேட்டாள்.

"மற்றது போகும், பிள்ளை. படிப்பிக்கிறவைக்கும் மாற்றம் வரும். என்ர கையில ஒண்டுமில்லை."

யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய சிற்றம்பலத்தின் மூத்த மகள் பத்மாசனி. அந்தப் பள்ளிக்கூடம் கிடுகுக் கொட்டிலாக இருந்தபோது அங்கே படித்தவள், கல்லுக் கட்டடமானபோது அங்கேயே ஆசிரியையானவள். அதை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போவதா? அதுவும் குடுவைக்காகவும் குழாய்க்காகவுமா? தில்லைநாதன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு தொடங்கியது கரைச்சல்.

போர்த்துக்கேயரின் கப்பல் காற்றில் திசைமாறி இலங்கைக்கு வந்த கதையை அவள் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். பின்வாங்கிலிருந்து ஒரு கை உயரும். "ரீச்சர், காத்து ஏன் அடிக்குது எண்டு சயன்ஸ் மாஸ்ரர் சொன்னவர்." கண்டி அரசனுக்கு நஞ்சு வைத்த கதையைச் சொல்வாள். "ரீச்சர், நஞ்சு வயித்துக்குள்ள போய் என்ன செய்யும் எண்டு சயன்ஸ் மாஸ்ரர் சொன்னவர்." வகுப்புகளுக்கு நடுவே இருந்தது அரைச்சுவர்தான். அந்தப் பக்கம் அவன் எடுக்கிற கீழ்வகுப்புப் பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் அவளுடைய வெண்கட்டி ஒடியும். இவ்வளவு காலமும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்... ஒரு தவணைக்குள் கட்சி மாறிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனாலாவது நிம்மதி உண்டா? அதே வகுப்பில் படிக்கிற தங்கை அருந்ததி, குசினியில் உலைமூடி ஆடுவதைக் காட்டி ஆவியைப் பற்றி விளக்கம் சொல்லுவாள். அப்பா சிற்றம்பலம் வயலால் வந்து காலைக் கழுவ முதலே தொடங்குவார்.

"பிள்ளை, பயிர் ஏன் மஞ்சளாகுது தெரியுமோ? சயன்ஸ் மாஸ்ரர் சொன்னவர்..."

"நீங்கள் எங்கையப்பா அவரைக் கண்டனீங்கள்?"

"வாய்க்கால் வரம்பில. நல்ல பெடியன். வயலுக்குள்ள இறங்கிப் பாத்திட்டல்லோ சொன்னவர்."

அவளுடைய வயலுக்குள்ளேயும் இறங்கிவிட்டானா? பத்மாசனி சோற்றில் கை கழுவிவிட்டு எழும்பினாள்.

இதுவரைக்கும் வந்தது தொழில் பொறாமை. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டிருந்தாள். அதில் பெரிய வெட்கமும் இல்லை. அடுத்ததாக வந்ததுதான் அவளை உருக்குலைத்தது.

திங்கட்கிழமைகளில் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற முறை அவளுடையது. முல்லைத்தீவு பஸ் மணியடிக்கிற நேரத்துக்குத்தான் வந்து நிற்கும். சனி ஞாயிறு வீட்டுக்குப் போன தில்லைநாதன் அதில்தான் வருவான். தையலும் பாட்டும் படிப்பிக்கிற யூலிற்றாவும் அதில்தான் வருவாள். முல்லைத்தீவுக் கரையில் வலைகள் வைத்திருக்கிற இராயப்புவின் மகள். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு... கடல் காற்றில் கறுத்து மினுங்குகிற முகம், சிரித்தால் கன்னத்தில் குழி. முதலில் இறங்குவது அவள். பின்னால் இறங்குவது அவன். அவன் கையில் அவளுடைய பனையோலைக் கூடை.

கூடைக்குள் இருந்தவை நட்சத்திர மீன், கடற்குதிரை, பேத்தை மீன். எல்லாம் இராயப்புவின் வலையில் அகப்பட்டவை. விஞ்ஞான அறையில் போத்தல்களுக்குள் போய் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் போய்ப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். பத்மாசனியும் ஒரு நாள் ஆளில்லாத நேரம் போய்ப் பார்த்தாள். கடற்குதிரை அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

அவளால் என்ன கொண்டுவந்து கொடுக்க முடியும்? இறந்துபோன அரசர்களின் பெயர்களையா?

போகட்டும், பஸ்ஸில் ஒன்றாக வருகிறவர்கள் கூடை தூக்குவது புதினமா என்று மனதைத் தேற்றினாள். அப்போதுதான் அந்த மத்தியானச் சாப்பாட்டைக் கவனித்தாள்.

ஆசிரியர் அறையில் ஒரே மேசை. மாசி மாதம் வரைக்கும் யூலிற்றாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அறை முழுக்க மீன் மணக்கும். ஒட்டி, பாரை, இறால் என்று அவள் வீட்டில் மீன் இல்லாத சோறே கிடையாது. தில்லைநாதன் சுத்த சைவம். போத்தலில் மீனை அடைத்து வைக்கிறவன் தன் சாப்பாட்டுக் கோப்பையில் முட்டையைக் கண்டாலே எழும்பிப் போவான். மாசி முடிகிற நேரம் ஒரு நாள், யூலிற்றாவின் பெட்டியில் கத்தரிக்காய். அடுத்த நாள் பருப்பு. அதற்கடுத்த நாள் முருங்கைக்காய். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. மருந்துக்கும் ஒரு நெத்தலிக் கருவாடு இல்லை.

மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் மீனை விடுகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சைவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகப் பழகுகிறாள், வேறென்ன? யூலிற்றாவின் பேச்சும் குறைந்திருந்தது. பூப்போட்ட சேலைகளை விட்டு வெறும் வெள்ளையில் வந்தாள். ஆளில்லாத நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். காதலுக்கு இதை விட அத்தாட்சி வேண்டுமா?

"மீன் மச்சமெல்லாம் விட்டிட்டீரோ, யூலிற்றா?" ஒரு நாள் கேட்டே விட்டாள்.

யூலிற்றாவின் கன்னத்தில் குழி விழுந்தது. "கொஞ்ச நாளைக்கு அக்கா... ஒரு நேர்த்தி. பிறகு சொல்லுறன்."

நேர்த்தியாம்! பத்மாசனி அன்று பாடத்தில் எந்த அரசன் யாரோடு சண்டை பிடித்தான் என்பதையே மாற்றிச் சொன்னாள். பிள்ளைகள் திருத்தினார்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம் தில்லைநாதன் அவளுடைய மேசைக்கு வந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ரீச்சர்... கூட்டத்துக்கு முதல் ஒரு விஷயம் கேக்க வேணும். பிள்ளையளை ஒரு நாளைக்குக் குளக்கட்டுக்குக் கொண்டு போவமோ? பழைய ஆக்கள் குளம் கட்டின கதையை நீங்கள் சொல்லுங்கோ. துருசால தண்ணி ஏன் அந்த வேகத்தில பாயுது எண்டு நான் சொல்லுறன். பாத்தால் ரெண்டும் ஒரு பாடந்தானே."

மதகைத் துருசு என்பார்கள் வன்னியில். அவளுடைய அப்பாவின் வயலுக்கு வருகிற தண்ணீரும் அந்தத் துருசால் வருவதுதான். அவளுக்குள் ஏதோ குளிர்ந்தது. என்னிடம் வந்து கேட்கிறானே... மேசையில் யூலிற்றாவின் சாப்பாட்டுப் பெட்டி அப்போது கண்ணில் பட்டது. மூடி திறந்து கிடந்தது. உள்ளே பூசணிக்காய்.

"உங்களுக்கு உதவிக்கு ஆள் இருக்குத்தானே மாஸ்ரர். திங்கட்கிழமையில பஸ்ஸில வருது."

"விளங்கேல்லை."

"விளங்காட்டில் விடுங்கோ. சரித்திரம் செத்த பாடமெண்டு பிள்ளையளே சொல்லத் தொடங்கிற்றுதுகள். செத்த வீட்டில வந்து பங்கு கேக்காதேங்கோ."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... அடி வாங்கிய பிள்ளையின் கண்கள் போல இருந்தன. அப்படியே திரும்பிப் போய்விட்டான். போன பிறகு அவளுக்கு அவனைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை. ரோசம் விட்டால்தானே?

கூட்டம் வந்தது. வெள்ளை வேட்டியும் சால்வையுமாகக் குடியேற்றத்தில் வயல் செய்கிற கமக்காரர்கள் மண்டபத்தை நிரப்பினார்கள். சரித்திரம் வேண்டுமென்பவர்களைக் கையுயர்த்தச் சொன்னார் அதிபர். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். விஞ்ஞானம் என்றார். மண்டபமே கைகளாகியது. இரண்டாவது வரிசையில், எல்லாருக்கும் மேலாக உயர்ந்து நின்ற கை சிற்றம்பலத்தினுடையது.

சொந்த அப்பா!

பத்மாசனி தில்லைநாதனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வென்றுவிட்ட திமிர் என்று அவள் நினைத்தாள்.

வீட்டில் சிற்றம்பலம் மகளுக்கு முன்னால் குற்றவாளி போல வந்து நின்றார்.

"கோவிக்காதை பிள்ளை. அருந்ததி டொக்குத்தருக்குப் படிக்க வேணுமெண்டு நிக்கிறாள். சரித்திரம் படிச்சு ஊசி போடேலுமோ?"

"நான் கோவிக்கேல்லை அப்பா. மாற்றம் வர முதல் நானே கேட்டு யாழ்ப்பாணம் போறன். மாமி வீட்டில நிண்டு படிப்பிக்கிறன்."

"அவ்வளவு தூரமோ?" என்றார் அவர்.

சித்திரை விடுமுறை முழுக்க அவள் யோசித்தாள். பாடம் போனது வலித்ததா? வலித்தது. ஆனால் விடியப்புறம் கண் விழித்ததும் நெஞ்சில் வந்து உட்காருவது நேரசூசி இல்லை. தடித்த கண்ணாடியும், அதற்குப் பின்னால் இருக்கிற கண்களும்தான். சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம். அவளுக்கு அவன் மேல் ஆசை. அவன் வேறொருத்தியோடு வாழ்கிற ஊரில் அவளால் இருக்க முடியாது. அதற்குத்தான் யாழ்ப்பாணம்.

இரண்டாம் தவணையின் முதல் திங்கட்கிழமை. வானம் கறுத்துக் கிடந்தது. அருந்ததி ஏன் விடியவே பள்ளிக்கூடம் போனாள் என்று கேட்கவும் தோன்றாமல் வாசலில் நின்றாள். முல்லைத்தீவு பஸ் வந்தது. யூலிற்றா இறங்கினாள். நல்ல சிவப்பில் புதுச் சேலை. கழுத்தில்... புதுத் தாலிக்கொடி.

பத்மாசனி வாசல் படலையைப் பிடித்துக்கொண்டாள். அவனைக் காணவில்லை. புது மாப்பிள்ளை லீவு போட்டிருக்கிறாராக்கும். யூலிற்றா "அக்கா" என்று கையை ஆட்டியபடி வர, அவள் பார்க்காதவள் போல விறுவிறென்று நடந்து அதிபரின் அறைக்குள் போனாள்.

"சேர், என்னை யாழ்ப்பாணத்துக்கு மாத்தி விடுங்கோ."

நடராசா நிமிர்ந்தார். "ஏன் பிள்ளை? இஞ்சை உன்ர வகுப்பை ஆர் பாக்கிறது?"

"வகுப்புத்தான் போயிற்றுதே."

"ஆர் சொன்னது? தில்லைநாதன் மாஸ்ரர் லீவுக்குள்ள என்ர வீடு தேடி வந்தவர். நாலாம் பாடம் சரித்திரத்துக்கே நிக்கட்டும், தான் விடிய மணியடிக்க முதல் சயன்ஸ் எடுக்கிறன், பிள்ளையள் ரெண்டையும் படிக்கட்டும் எண்டு நிண்டார். திங்கட்கிழமை பஸ் பிந்துமெண்டு இனி ஞாயிற்றுக்கிழமையே வந்து நிக்கப் போறாராம். இண்டைக்கு விடிய முதலாவது பாடமும் முடிஞ்சுது. நான் ஓமெண்டிட்டன்."

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டானா? யூலிற்றாவோடு வருகிற பஸ்ஸை? கல்யாணம் முடித்த கையோடு?

"அவர் கலியாணம் முடிச்சிட்டாரோ, சேர்?"

"ஆர், தில்லைநாதனோ? முடிச்சால் எனக்குச் சொல்லாமலோ?" என்று அதிபர் சிரித்தார்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் யூலிற்றா பெட்டியைத் திறந்தாள். பாரைமீன் குழம்பு. மணம் கூரையைத் தொட்டது. பத்மாசனி அந்த மீனையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"மச்சம்... சாப்பிடுறீரோ?"

"தபசுகாலம் முடிஞ்சுதே அக்கா, எங்கட வேதக்காரரின்ர நாற்பது நாள் விரதம். ஈஸ்டருக்கு அடுத்த கிழமைதான் எனக்குக் கலியாணம் நடந்தது. அவர் கொன்ஸ்ரன்ரைன், எங்கட கரைதான், ஆழ்கடலுக்குப் போறவர். அவருக்கு ஒண்டும் வந்திடக் கூடாதெண்டு தபசு முழுக்க மீன் தொடமாட்டன் எண்டு நேர்ந்தனான். கோயில்ல அறிவிக்க முதல் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு அம்மா கண்டிப்பு. அதுதான் உங்களுக்கும் சொல்லேல்லை... ஏன் அக்கா உப்பிடிப் பாக்கிறியள்?"

போர்த்துக்கேயர் வந்ததையும், கரையெல்லாம் கோயில் கட்டியதையும், அவர்களோடு வந்த கத்தோலிக்க வேதத்தையும் வருடா வருடம் படிப்பிக்கிறவள் பத்மாசனி. அதே மேசையில் இருக்கிற பெண் ஏன் நாற்பது நாள் மீன் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. பொறாமை கண்ணை மறைத்தால் படித்த படிப்பு எங்கே நிற்கும்?

"மாஸ்ரருக்கு... உம்மட கலியாணம் தெரியுமோ?"

"தெரியாது. அவருக்கு எங்கை என்ர கதை கேக்க நேரம்? பஸ்ஸில ஏறினதிலயிருந்து பத்மா ரீச்சர் என்ன பாடம் எடுத்தவ, பத்மா ரீச்சர் ஏன் கோவமாயிருக்கிறா... என்ர காது செவிடாய்ப் போச்சுது. கூடை தூக்கினதுக்குக் கூலியாய் நான் பதில் சொல்லிக்கொண்டு வருவன்."

பத்மாசனி எழும்பினாள்.

"அவர் எங்கை இப்ப?"

"இண்டைக்குச் சிறுபோக விதைப்புக்குத் துருசு திறக்கினம். பிள்ளையளோட குளக்கட்டுக்குப் போட்டார். சேர்தான் அரைநாள் விட்டிருக்கிறாரே... சாப்பிடாமல் எங்கை அக்கா ஓடுறியள்?"

குளக்கட்டில் பொங்கல் பானைகள் பொங்கி முடிந்திருந்தன. துருசு திறந்தாயிற்று. சித்திரைக் கடைசி மழை சொல்லாமல் கொள்ளாமல் இறங்க, கமக்காரர்களும் பிள்ளைகளும் பானைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடினார்கள். கட்டின் மேல் தனியாக நின்றது தில்லைநாதன் மட்டும்தான். கீழே நுரைத்துப் பாய்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நனைந்தான். பத்மாசனி மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"மாஸ்ரர்."

திரும்பினான். கண்ணாடி முழுக்க மழை.

"பாவம் பாத்தோ எனக்கு அந்தப் பாடத்தைத் திருப்பித் தந்தனீங்கள்?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

"முதல் நீங்கள் சொல்லுங்கோ. அண்டைக்கு ஏன் அப்பிடிக் கதைச்சனீங்கள்? லீவு முழுக்க யோசிச்சுப் பாத்தன். என்ர படிப்பில அதுக்கு விடையில்லை."

அவள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் இருந்துதானே இவ்வளவும் வந்தது...

"யூலிற்றா மீன் சாப்பிடாமல் விட்டவ. நீங்கள் சைவம். அதால... உங்களை முடிக்கத்தான் விட்டவ எண்டு நினைச்சனான்."

அவனுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சிரிக்காதேங்கோ. நான் அழுதனான்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"எனக்குப் பொறாமை, மாஸ்ரர்" என்றாள். "பிள்ளையள் உங்களைச் சுத்தினது பொறாமை. அப்பா உங்களைப் புழுகினது பொறாமை. யூலிற்றாவின்ர கூடையைக் கண்டாலே பொறாமை. நான் பாடத்துக்காகச் சண்டை பிடிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். பாடம் இல்லை... எனக்கு உங்களில விருப்பம். அதைச் சொல்லத் தெரியாமல்தான் உங்களை நோகடிச்சனான்."

அவன் கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையில் துடைத்தான். துடைத்ததால் அது இன்னும் நனைந்தது.

"எனக்கு மட்டும் பொறாமை இல்லையெண்டு நினைக்கிறியளோ?"

"உங்களுக்கோ? ஆரில?"

"பண்டாரவன்னியனில."

அவள் விழித்தாள்.

"வெள்ளைக்காரனோட சண்டை பிடிச்ச அந்த வன்னி அரசனைப் பற்றி நீங்கள் படிப்பிக்கிற நாளில உங்கட குரல் மாறிப் போகும். அரைச்சுவருக்கு இங்கால நிண்டு கேப்பன். பிள்ளையளுக்குக் கணக்கைக் குடுத்திட்டு, ஒரு சொல்லும் விடாமல் கேப்பன். இப்பிடி ஒரு குரலில என்னைப் பற்றி ஒருத்தரும் ஒரு நாளும் கதைச்சதில்லையே எண்டு... செத்து நூற்றைம்பது வருசமான ஒரு மனுசனில எனக்குப் பொறாமை. அந்த வகுப்பு நிண்டு போனால் நான் ஆற்றை குரலைக் கேட்டுக்கொண்டு படிப்பிக்கிறது? அதுக்குத்தான் விடிய எழும்புறன். பாவம் பாத்து இல்லை."

அவளுடைய கண்கள் நிறைந்தன. மழை நல்ல மழை, எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

"நேரே சொல்லுங்கோ மாஸ்ரர். எனக்கு விளங்கேல்லை."

"எனக்கு உங்களில விருப்பம், பத்மா."

ரீச்சர் என்ற சொல் எங்கேயோ தண்ணீரோடு போய்விட்டது. அவளுக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பார்த்தாள். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் இப்போது வேறெதையும் பார்க்கவில்லை.

கொட்டிலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது கேட்டது. சிற்றம்பலத்தின் குரல்தான்.

"அப்பா அங்க நிக்கிறார்" என்றாள் அவள். "வாங்கோ, இப்பவே கேளுங்கோ."

"இப்பவேயோ? இந்தக் கோலத்திலயோ?"

"பிந்தினால் வேற ஆரும் கேட்டு வந்திடுவினம். பிறகு உங்களுக்குத்தான் பொறாமை வரும்."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முதலே குளக்கட்டிலிருந்து இறங்கத் தொடங்கினான்.